விளம்பரத்துக்குக் கிடையாதா பத்தியம்?

ஆயுர்வேத, சித்த, யுனானி மருந்து விளம்பரங்களுக்கு முன்அனுமதி கேட்ட, மருந்து விதிகளின் 170-ஆவது விதி இப்போது இல்லை. 2024 ஜூலையில் மத்திய ஆயுஷ் அமைச்சகத்தார் நீக்கினார்கள். ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அந்த நீக்கத்தை நிறுத்தி வைத்தது. அடுத்த ஆகஸ்டில் வழக்கே முடிந்துபோனது; விதி போனது போனதுதான். டெல்லியில் கையெழுத்துப் போட்டவர்கள் ஒருநாள் ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து பார்க்கட்டும்.

சுவரில் மஞ்சள் போஸ்டர். ‘நரம்புத் தளர்ச்சியா? விந்து நீர்த்துப்போகிறதா?’ கீழே லாட்ஜ் அறை எண், வைத்தியர் வரும் தேதி. ஸ்ரீவில்லிபுத்தூரிலும் அதே போஸ்டர். தேதி மட்டும் மறுநாள். ‘ஏதும் விசேஷம் உண்டா’ என்ற கேள்விக்கு மூன்று வருஷமாகப் பதில் சொல்லி அலுத்த மில் தொழிலாளி அந்த அறைக்குத்தான் போகிறார். திரும்பும்போது கையில் லேகிய டப்பா, காதில் ஒரு கட்டளை: தொண்ணூறு நாள் பத்தியம், மனைவி பக்கம் போகாதே, சேர்த்து வைத்தால் கெட்டிப்படும்.

கெட்டிப்படாது, கெட்டுப்போகும். விந்தணு உருவாக ஏறக்குறைய 74 நாள் ஆகிறது. உருவானது வெளியேறாமல் தேங்கினால் அளவும் எண்ணிக்கையும் கூடும், வாஸ்தவம். ஆனால் நீந்தும் திறன் குறைகிறது, உள்ளிருக்கும் டிஎன்ஏ சிதைவது கூடுகிறது. பரிசோதனைக்கு உலக சுகாதார நிறுவனம் கேட்கும் இடைவெளியே 2 நாள் முதல் 7 நாள் வரைதான். எண்ணிக்கை குறைந்தவர்களுக்கு ஓரிரு நாள் இடைவெளியே மேல் என்று சொல்லும் ஆய்வுகளும் உண்டு. லேப்பில் ‘கடைசியா எப்ப?’ என்று கேட்டால் ‘மூணு மாசமாச்சு சார்’ என்று பெருமையாகச் சொல்பவரிடம் என்ன பதில் சொல்வது?

மாலை போட்டு ஒரு மண்டலம் விரதம் இருப்பது வேறு. அது பக்தி, அதில் நமக்கு வழக்கில்லை. இந்தப் பத்தியமோ கருத்தரிக்க வாய்ப்புள்ள மூன்று மாதங்களைத் தின்றுவிடுகிறது. கணவன் நைட் ஷிப்ட், மனைவி பகல் ஷிப்ட் என்று இருக்கும் வீட்டில் அந்த மூன்று மாதம் எவ்வளவு பெரியது என்பது லேகியம் விற்பவருக்குத் தெரியாதா? அதற்குள் ஸ்கேனுக்கு அலைவதும் ஏச்சு வாங்குவதும் அவள்தான்.

2018-இல் வந்த அந்த 170-ஆவது விதி, ஆண்மையைப் பெருக்குவதாகச் சொல்லும் விளம்பரங்களுக்கு அனுமதி மறுக்கச் சொன்னது. ஆட்சேபகரமான மருந்து விளம்பரங்களைத் தடுக்கும் 1954-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறதே என்கிறார்கள். இருக்கிறது, எழுபது வருஷமாக. அதன் கண்ணெதிரேதான் இத்தனை போஸ்டரும் ஒட்டப்பட்டன. அது விளம்பரம் வந்தபின் துரத்துவது. விதியோ விளம்பரம் வருமுன் மறித்தது. இந்த வித்தியாசம் புரியாதவர்களா இவர்கள்?

இந்த ஆயுஷ் அமைச்சகத்தாரைப் புதிதாகவா பார்க்கிறோம்? 2017-இல் கர்ப்பிணிகளுக்கு ஒரு கையேடு போட்டு, மாமிசத்தையும் இச்சையையும் விலக்கச் சொன்னவர்கள் இவர்கள். ரத்தசோகையில் வாடும் பெண்களிடம் கறி தின்னாதே என்று சொல்ல எந்த மருத்துவம் படித்தார்களோ! ஊர் சிரித்ததும், உறவு கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை என்று மழுப்பினார்கள். 2023 ஆகஸ்டில், 170-ஆவது விதியின் கீழ் நடவடிக்கை எடுக்க வேண்டாம் என்று மாநிலங்களுக்குக் கடிதம் எழுதினார்கள். விதி புத்தகத்தில் இருக்கும்போதே அதைக் கிடப்பில் போடச் சொன்ன கடிதம் அது! பெண்ணுக்கு இச்சை கூடாது, ஆணுக்கு லேகியம் உண்டு. இதுதான் இவர்கள் கொள்கை போலும்.

சித்த மருத்துவத்தை நாம் பழிக்கவில்லை. அதன் பெயரைச் சொல்லி நடக்கும் வியாபாரத்தைத்தான் சொல்கிறோம். முன்அனுமதி ஏதாவது ஒரு வடிவில் திரும்பி வர வேண்டும். டெல்லி செய்யாவிட்டால் சென்னையாவது யோசிக்கட்டும். போஸ்டர்காரர்கள் அடுத்த மாதத் தேதியை இப்போதே அச்சடித்துவிட்டார்கள்.