ஒரு சொல்லுக்கு மூன்று விலை

ஸ்பானிய பாஷை கற்கத் தொடங்கியிருக்கும் நண்பர் ஒருவர், தடித்த ஸ்பானிய-இங்கிலீஷ் அகராதி ஒன்றுடன் நம்மிடம் வந்து சேர்ந்தார்.

"இந்தப் பாஷையில் வார்த்தைப் பஞ்சம் போலிருக்கிறது, ஐயா! 'மஞானா' என்றால் காலையாம். நாளைக்கும் அதே மஞானாதானாம். 'ஸுவேஞோ' என்றால் தூக்கமும் அதுவே, கனவும் அதுவே" என்று குறைப்பட்டுக்கொண்டார்.

அகராதியை வாங்கிப் புரட்டினோம். 'யாவே' என்ற சொல் கண்ணில் பட்டது. சாவி, குழாயின் திருகு, மரை முடுக்கும் ஸ்பானர் ஆகிய மூன்றுக்கும் அது பெயர். (போர்த்துகீசியர் நமக்கு விட்டுச் சென்ற 'சாவி'யும் இந்த 'யாவே'யும் ஒரே லத்தீன் தாயின் வயிற்றுப் பிள்ளைகள்.) ஸ்பானியருக்கு இதில் குழப்பம் ஏதுமில்லை. திருகித் திறப்பதெல்லாம் அவர்களுக்கு ஓர் இனம். மூன்றாகப் பிரித்துப் பார்ப்பது இங்கிலீஷின் கண். உலகத்துப் பாஷைகளையெல்லாம் அந்த ஒரு ஜன்னல் வழியாகவே பார்த்துப் பழகிவிட்ட நமக்கு, குறை பிறர் வீட்டில் இருப்பதாகத் தோன்றுகிறது!

ஆனால், 'எஸ்பெரார்' என்ற வினைச்சொல்லை அவ்வளவு எளிதில் தாண்டிப் போக முடியவில்லை. காத்திருத்தல், எதிர்பார்த்தல், நல்லது நடக்குமென நம்புதல் ஆகிய மூன்றும் அதற்குள் அடக்கம். "தம்பி வருவான்" என்பதோடு அதைச் சேர்த்தால், வருவதை ஐயத்துக்குரிய வினை வடிவில் சொல்லும்போது நம்பிக்கை. உறுதியான எதிர்கால வடிவில் சொன்னால் எதிர்பார்ப்பு. ஐய வடிவத்துக்கு முன்னே 'ஆ' என்னும் ஓரெழுத்துச் சொல்லும் நுழைந்தால் காத்திருத்தல். இத்தகைய அடையாளம் எதுவுமின்றித் தனியே வந்துவிட்டால்?

கொலம்பியா நாட்டு ஆசிரியர் கார்ஸியா மார்க்கேஸின் 'கர்னலுக்கு யாரும் எழுதுவதில்லை' என்ற குறுநாவல் 1961-ல் நூலாக வெளிவந்தது. உள்நாட்டுப் போரில் சண்டையிட்ட கிழவர் ஒருவர், தமக்குரிய பென்ஷன் கடிதத்துக்காக வெள்ளிக்கிழமைதோறும் படகுத்துறைக்குப் போகிறார். ஒரு வாரமா, இரண்டு வாரமா? 15 வருஷம்! வீட்டில் காப்பித்தூள் டப்பாவைச் சுரண்ட வேண்டிய நிலை, நோயாளி மனைவி, சுட்டுக் கொல்லப்பட்ட மகன் விட்டுச் சென்ற சண்டைச் சேவல். அந்தக் கிழவர் செய்வதெல்லாம் 'எஸ்பெரார்'தான். இங்கிலீஷில் 'காத்திருந்தார்' என்று எழுதினால் அவர் நெஞ்சிலுள்ள ஆசை உதிர்ந்துவிடுகிறது. 'நம்பியிருந்தார்' என்றாலோ, படகுத்துறையில் அவர் கால்கடுக்க நிற்பது காணாமற்போகிறது. மொழிபெயர்ப்பாளர் எதைத் தேர்ந்தாலும் கிழவருக்குத்தான் நஷ்டம்; பென்ஷன் போனது போதாதென்று, பாதிச் சொல்லும் போகிறது.

"தமிழில் மட்டும் என்ன செய்வதாம்?" என்று நண்பர் மடக்கினார்.

சற்று யோசித்தோம். "'வழி பார்த்துக்கொண்டிருந்தார்' என்று எழுதினால்?" என்றோம்.

நண்பர் பதில் சொல்லவில்லை. பென்ஸிலை எடுத்து அகராதியின் ஓரத்தில் அதைக் குறித்துக்கொண்டார்.