செட்டைக்குப் பூட்டு, இழுவைமடிக்குத் திறப்பு

உழுவைக்கு ஏற்றுமதி அளவு இனிப் பூச்சியம். 2025 நவம்பர் இறுதியிலும் டிசெம்பர் தொடக்கத்திலுமாக உஸ்பெகிஸ்தானின் சமர்கந்தில் கூடிய சைட்டிஸ் மாநாடு அப்படித் தீர்மானித்தது. முன்பாதி திருக்கையாகவும் பின்பாதி சுறாவாகவும் இருக்கும் அந்த மீனைக் கொக்கிளாயிலிருந்து சாலை வரை அறியாத கரை இல்லை. எனவே கதையை முதலிலிருந்து சொல்லத் தேவையில்லை.

மீன் அருகிவிட்டது என்பதில் எமக்கு வழக்கில்லை. உலகிலுள்ள இந்த வகை மீன்களின் 16 இனங்களில் 15 மிக மோசமான நிலையில் இருப்பதாக 2019லேயே சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் பட்டியலிட்டது. குட்டி ஈனும் மீன் இது. சூடை, சாளை மாதிரி ஒரு பருவத்தில் இலட்சமாய்ப் பெருகாது. பருவத்துக்கு வர வருடங்கள் எடுக்கும். வந்த பின்னும் ஈனுவது சில குட்டிகள்தான். செட்டைக்கோ வெளிநாட்டுச் சந்தையில் மற்றச் சுறாக்களைவிட விலை கூட. குறைந்துபோனதில் அதிசயமில்லை. எமக்குப் பொறுக்காதது வேறு. கடலில் அதைக் கொல்வது எதுவோ அதைத் தொடாமல் விட்டு, கரையில் அதை விற்க நிற்பவனிடம் மட்டும் சட்டத்தைக் கொண்டுவந்து நிறுத்தி, பாதுகாத்தாயிற்று என்று மாளிகாவத்தையிலுள்ள கடற்றொழில் அமைச்சில் கோப்பை மூடுகிற போக்குத்தான் அது.

சைட்டிஸ் வர்த்தகத்துக்கான உடன்படிக்கை. எல்லை தாண்டும் பொதியை அது பார்க்கும். எந்த வலை கடலில் இறங்குகிறது என்று அது கேட்பதில்லை; கேட்கிற அதிகாரமும் அதற்கில்லை. அந்தப் பாதியைச் செய்யவேண்டியது நாடு. 1979 முதல் உறுப்புரிமை வகிக்கும் இலங்கைக்கு இதைப் புதிதாகச் சொல்லித் தரவேண்டியதில்லை. 2019இல் இந்த மீன்களை இரண்டாம் அட்டவணையில் சேர்க்கும்படி முன்மொழிந்த நாடுகளில் இலங்கையும் ஒன்று. கொழும்பிலேயே நடந்திருக்கவேண்டிய மாநாடு அது. உயிர்த்த ஞாயிறு தாக்குதலுக்குப் பிறகு ஜெனீவாவுக்கு மாற்றப்பட்டது. அங்கே முன்மொழிந்தவர்கள் வீட்டுக்கு வந்து எதை எழுதினார்கள்? பெயர் சொல்லிச் சுறாவைக் காக்கும் இரண்டு வர்த்தமானிகளும் அதற்கு முந்தியவை. 2012இல் வந்தது நீள்வால் சுறாக்கள் மூன்றினத்துக்கு. 2015இல் வந்தது வெண்முனைச் சுறாவுக்கும் திமிங்கிலச் சுறாவுக்கும். அதுவும் ஆழ்கடற் படகுகளை மனதில் வைத்து எழுதியது. இரண்டிலும் உழுவைக்கு இடமில்லை. பலநாட் படகு போகிற தூரத்தில் இருக்கும் சுறாவுக்குச் சட்டம் உண்டு. களப்பு வாயிலும் கரையோர மணலிலும் கிடக்கும் மீனுக்கு இல்லை.

இது எங்கே போய் முடியும் என்பதற்கு, வாள் போன்ற கொம்புள்ள வேளா மீன் சாட்சி. 2007இலும் 2013இலுமாக வேளா இனங்கள் எல்லாம் சைட்டிஸின் முதலாம் அட்டவணைக்குள் வந்துவிட்டன. அதற்கு மேலான பாதுகாப்பு அந்த உடன்படிக்கையிடம் இல்லை. 2021இல் வெளியான ஓர் ஆய்வு, இலங்கைக் கரைகளில் கடற்றொழிலாளரைக் கேட்டுப் பார்த்து, வேளா எங்கள் கடலில் நடைமுறையில் அற்றுப்போய்விட்டது என்ற முடிவுக்கு வந்தது. வயதானவர்கள் கண்டிருக்கிறார்கள், இளையவர்களுக்குக் கேள்வி ஞானம். அட்டவணை வேளாவின் கொம்பை விற்க விடாமல் தடுத்தது. அந்தக் கொம்பு சிக்கிய வலையைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

இனி வலைக்கு வருவோம். இழுவைமடி என்ன செய்யும் என்று முல்லைத்தீவில் விளக்குவது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற வேலை. ஆனாலும் கோப்போடு இருப்பவர்களுக்காக ஒருமுறை சொல்லிவைக்கிறோம். மடியின் வாயை இரண்டு பலகைகள் விரித்துப் பிடிக்கின்றன. அடிக்கயிறு சங்கிலிப் பாரத்தோடு கடலடியை உரசிக்கொண்டு போகிறது. உழுவை மணலில் பாதி புதைந்து கிடக்கும் மீன். குட்டிகள் ஆழம் குறைந்த கரையோரத்தில் வளர்பவை. இறாலைத் தேடிப் போட்ட மடிக்கு உழுவையை விலக்கத் தெரியாது. கண் சிறுத்த மடிக்கு, தாயென்றும் குட்டியென்றும் வேற்றுமை இல்லை. ஓர் இரவில் அந்த மடி அள்ளுவதைப் பைபர் படகில் போகிறவர் ஒரு பருவம் முழுக்க வலை போட்டாலும் எடுக்கமாட்டார். எடுக்க வலையும் மிஞ்சாது. போட்ட வலையை மடி அறுத்துக்கொண்டு போயிருக்கும்.

அந்த மடியோடு வருகிறவர்கள் எந்தச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர்கள் என்பதையும் பார்க்கவேண்டும். 2001 ஜூலையில் இந்தியா எல்லாச் சுறாக்களையும் திருக்கைகளையும் ஒரேயடியாகத் தடைசெய்தது. மீனவர் எதிர்ப்புக் கிளம்ப, அந்த டிசெம்பரிலேயே பட்டியலைப் பத்து இனங்களாகச் சுருக்கியது. அந்தப் பத்தில் உழுவை உண்டு, வேளாவும் உண்டு. வனவிலங்குச் சட்டத்தில் புலி இருக்கிற அதே முதலாம் அட்டவணை. ஆக, நாகபட்டினத்தில் இறக்கினால் சிறைக்குப் போகவேண்டிய மீன், அங்கிருந்து புறப்பட்ட மடி எங்கள் கடலில் அள்ளும்போது கழிவு மீனோடு கழிவு. அக்கரைச் சட்டம் இக்கரை வரை வராது. இக்கரைச் சட்டம் கரையை விட்டு இறங்காது.

இக்கரையில் சட்டம் இல்லாமலும் இல்லை. வடக்கின் நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர் கொண்டுவந்த தனிநபர் பிரேரணையின் விளைவாக, 2017இன் 11ஆம் இலக்கத் திருத்தம் இழுவைமடியை இந்த நாட்டில் தடைசெய்தது. அடுத்த வருடம் வெளிநாட்டுப் படகுகளுக்கான தண்டப்பணம் கூட்டப்பட்டது. இரண்டும் நல்ல சட்டங்கள். 2021 ஒக்டோபரில் முல்லைத்தீவிலிருந்து பருத்தித்துறை வரை படகுகளில் போய், அந்தச் சட்டங்களை நடைமுறைப்படுத்துங்கள் என்று கேட்கவேண்டி வந்தது. நிறைவேறி நாலு வருடமான சட்டத்தை அமுல்படுத்தச் சொல்லிக் கடலில் ஊர்வலம் போன சனம் வேறெங்கும் இருக்கிறதா தெரியவில்லை. பதிலுக்கு என்ன கிடைத்தது? 2023 தொடக்கத்தில், இந்தியப் படகுகளுக்கு அனுமதிப்பத்திரம் கொடுத்துப் பார்க்கலாமா என்ற யோசனை நாடாளுமன்றம் வரை வந்தது. தடைசெய்த தொழிலுக்கு அனுமதிப்பத்திரம்! கரை கொதித்ததால் அது அடங்கியது. கடற்படை படகுகளைப் பிடிப்பது உண்மை. ஆட்களைக் கைதுசெய்வதும் உண்மை. பிடிபட்டவர் போக மிச்சம் எத்தனை என்பதைக் கரையில் நின்றே எண்ணலாம், விளக்குகள் தெரியும். குருநகர்ப் பக்கம் உள்ளூர் இழுவைப் படகுகளும் இருக்கின்றன; அதை மறைத்து எழுதும் உத்தேசம் எமக்கில்லை. எங்கள் ஆட்கள் அடியில் போடும் திருக்கை வலையிலும் உழுவை படுகிறது. அதையும் பேசத்தான் வேண்டும். ஆனால் வரிசை என்று ஒன்று இருக்கிறது. பெரியதை விட்டுவிட்டுச் சின்னதில் தொடங்குகிறவன் பெரியதுக்கு ஒருநாளும் வரப்போவதில்லை.

பூச்சியம் என்று எழுதிவிட்டால் செட்டை காயப்போடுவது நின்றுவிடும் என்று நம்புகிறவர்கள் பாக்குநீரிணையைப் பார்த்திருக்கமாட்டார்கள். 2001இல் இந்தியா கடலட்டையைத் தடைசெய்தது. இலங்கையில் அது அனுமதிப்பத்திரத்தோடு நடக்கும் தொழில். அன்று முதல் அட்டை இரவோடு இரவாக எந்தத் திசையில் கடக்கிறது என்பது இரண்டு கரைக்கும் தெரியும். 2015இல் இந்தியா சுறாச் செட்டை ஏற்றுமதியை முழுதாக நிறுத்தியது. செட்டை மூட்டைகள் பிடிபடும் செய்தி நின்றதா? மீன் வலையில் சாகும் வரை செட்டை இருக்கும். செட்டை இருக்கும் வரை வாங்க ஒருவன் வருவான். சட்டம் மூடிய பிறகு வருகிறவன் பாதி விலை சொல்வான், அவ்வளவுதான் வேறுபாடு. அந்தப் பாதியை இழப்பவர் சம்மாட்டியும் அல்ல, ஏற்றுமதிக்காரரும் அல்ல.

இந்த நாட்டின் சுறாவை யார் பிடித்து முடித்தார்கள் என்றொரு கணக்கும் இருக்கிறது. சுறாப் பிடிப்பு உச்சத்துக்குப் போனது 1999இல்; 34,000 தொன்னையும் தாண்டியது. அந்த வருடம் முல்லைத்தீவுக் கரை எந்த நிலையில் இருந்தது? யுத்தமும் கடற்தடையும் நடுவே இருக்க, வள்ளத்தைக் கடலில் இறக்குவதே உயிர்ப்பணயம். அந்தத் தொன்களைத் தெற்கின் பலநாட் படகுகள் கொண்டுவந்தன. அப்போது அதை வளர்ச்சி என்று புள்ளிவிபரத்தில் போட்டார்கள். சுனாமி, இடப்பெயர்வு, 2009இன் இறுதி யுத்தம் எல்லாம் கழிந்து, படகும் வலையும் இழந்து திரும்பி வந்து, கடன்பட்டு மறுபடி கடலில் இறங்கியவரிடம் இப்போது பாதுகாப்பின் கட்டணம் கேட்கப்படுகிறது. சாப்பிட்டவர் ஒருவர், கைகழுவத் தண்ணீர் எடுத்துவர இன்னொருவர்.

கரையின் குரல் கடைசியில் நிற்பது இது முதல் தடவையும் அல்ல. ஆழ்கடலில் ஒழுங்கில்லாமல் ஓடிய படகுகளுக்காக 2015 ஜனவரியில் ஐரோப்பிய ஒன்றியம் இலங்கை மீனுக்குக் கதவை மூடியது. 2015இன் சுறா விதிகள் உட்படப் பல ஒழுங்குவிதிகள் அதன் பிறகுதான் அவசரமாக எழுதப்பட்டன. 2016 ஜூனில் கதவு திறந்தது. ஐரோப்பா கேட்டால் ஒன்றரை வருடத்தில் எல்லாம் முடியும். முல்லைத்தீவு கேட்டால் மாத்திரம் ஆய்வு செய்யவேண்டும், குழு அமைக்கவேண்டும், பேச்சுவார்த்தை நடத்தவேண்டும். 2021 ஜூனில் இழுவைமடிக்கு மருந்தென்று பழைய பேருந்துகளை நெடுந்தீவுக் கடலில் இறக்கினார்கள். மீன் குடியேறுமாம், மடி சிக்குமாம். சட்டத்தை அமுல்படுத்த ஆளில்லாத இடத்தில் இ.போ.ச. பேருந்தைக் காவலுக்கு விட்ட நிர்வாகம் உலகில் இது ஒன்றாகத்தான் இருக்கும். 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரே நாளில் 340 ரூபாவுக்கு ஏறியது. வெளியிணைப்பு இயந்திரத்தை நம்பிய கரை படகைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தது. விடத்தல்தீவு கதை இன்னும் விசேஷம். 2016இல் இயற்கை ஒதுக்கமாகப் பிரகடனம். கண்டலும் கடற்புல்லும் குஞ்சு மீனுக்குத் தொட்டில் என்று அப்போது சொன்னார்கள், சரியாகத்தான் சொன்னார்கள். 2024 மே மாதம் அதிலிருந்து 168 ஹெக்டேயரை நீருயிரின வளர்ப்புக்கென்று வெட்டியெடுக்க வர்த்தமானி வந்தது. சூழலியலாளர்கள் நீதிமன்றம் போகவேண்டியதாயிற்று. நந்திக்கடலிலும் நாயாற்றிலும் 2017இல் ஒதுக்கம் பிரகடனமானபோது இதே கரையோரச் சனத்துக்குப் பாதுகாப்பைப் பற்றிப் பாடம் எடுத்த அரசு இது. வீச்சு வலையோடு களப்பில் இறங்குகிறவருக்கு இயற்கை புனிதம்; பண்ணைக்காரர் வந்தால் ஹெக்டேயர் கணக்கு.

ஆட்சி மாறியிருக்கிறது, பெயர்ப்பலகை மாறியிருக்கிறது. முடிவு எழுதப்படும் விதம் மாறவில்லை. கரையைக் கேட்பதில்லை. கேட்டால் கூட்டம் போட்டுத் தேநீர் கொடுத்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு, முன்னமே எழுதி வைத்ததை வாசிப்பார்கள். கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்களும் சமாசங்களும் எத்தனை மகஜர் கொடுத்திருக்கின்றன என்று கச்சேரியில் விசாரித்தால் தெரியும். அவை எங்கே போய்ச் சேர்ந்தன என்று விசாரிக்க இடமில்லை.

உழுவையைக் காப்பதென்றால் முதலில் அது சாகும் இடத்தில் காக்கவேண்டும். உயிரோடு வலையில் பட்டதை விடுவிக்கிறவருக்கு அறுந்த வலையின் நட்டத்துக்கு ஏதாவது வழி வேண்டும். செத்து வந்ததை என்ன செய்வது என்பதற்குத் தெளிவான பதில் வேண்டும். கடலில் எறிந்துவிட்டு வா என்பது பதிலாகாது. நீள்வால் சுறாவுக்கு 2012இல் எழுதிய விதி அந்த மாதிரிதான், செத்த மீனும் போய் நாட்கூலியும் போகும். குட்டிகள் வளரும் களப்பு வாய்களுக்குக் கரையோடு பேசி ஓர் ஏற்பாடு வேண்டும். இவை எப்படி அமையவேண்டும் என்று வரைபு போடுவது எமது வேலையல்ல. அதற்கென்று சம்பளம் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். நாரா ஆய்வு நிறுவனம் இருக்கிறது, திணைக்களம் இருக்கிறது, அமைச்சு இருக்கிறது. ஆனால் இழுவைமடியை இழுத்து நிறுத்தாமல் அவர்கள் கொண்டுவரும் எந்தப் பத்திரத்தையும் இந்தக் கரை நம்பப்போவதில்லை.

சித்திரையோடு தெற்கிலிருந்து பருவகாலப் படகுகள் நாயாற்றுக்கும் கொக்கிளாய்க்கும் வந்து வாடி போடும். அதற்கு முன்னராவது ஒன்று செய்யட்டும். யார், எத்தனை படகில், எந்த வலையோடு இறங்கலாம் என்பது அனுமதிப்பத்திரத்திலும் கடலிலும் ஒன்றாக இருக்கட்டும். 2018 ஓகஸ்டில் அது ஒன்றாக இருக்கவில்லை. நாயாற்றில் எரிந்தது யாருடைய வாடி, யாருடைய படகு என்பது மாளிகாவத்தைக்கும் தெரியும்.