விழிஞ்ஞத்தில் தொடங்க வேண்டிய பேரேடு

1990 டிசம்பரில் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரா மருத்துவ நிறுவனத்தில், இந்தியாவிலேயே உருவான செயற்கை இதய வால்வு முதன்முறையாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. பூஜப்புரை சாட்டல்மண்ட் அரண்மனையில் அமைந்த ஆய்வுக்கூடத்தில், டாக்டர் எம்.எஸ். வலியத்தான் தலைமையிலான குழுவின் பல ஆண்டு உழைப்பு அது. முதல் மாதிரிகள் தோற்றன. உலோகத்தையும் பிளாஸ்டிக்கையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். இறக்குமதி வால்வின் விலைக்கு வழியில்லாத குடும்பங்களுக்கு அந்த வால்வு உயிர்ப்பிச்சை.

ஆனால், வால்வு கெட்டுப்போனவர்களில் பலருக்கு நோய் தொடங்கிய இடம் தொண்டை. நெருக்கடியான வீடுகளில் பிள்ளைகளுக்குள் பரவும் தொண்டைப்புண், கவனிக்காமல் விட்டால் சிலருக்கு ருமாட்டிக் காய்ச்சலாக மாறி இதயத்தைத் தாக்குகிறது. தொடக்கத்திலேயே பென்சிலின் கிடைத்திருந்தால் அறுவை சிகிச்சை மேசைக்கே வர வேண்டியதில்லை. ஸ்ரீ சித்திராவின் மருத்துவமனை, தொழில்நுட்பப் பிரிவு ஆகியவற்றோடு மூன்றாவதாக அச்சுத மேனன் சுகாதார அறிவியல் ஆய்வு மையத்துக்கு 1992இல் மன்மோகன் சிங் அடிக்கல் நாட்டினார். நோயாளி வரும்வரை காத்திராமல் ஊருக்குள் போய் நோயின் வேரைத் தேடும் படிப்பு அங்கே வளர்ந்தது.

அந்த வரிசையில் அடுத்த மையத்தைக் கேரள சுகாதார அறிவியல் பல்கலைக்கழகம் திருவனந்தபுரத்தை அடுத்த விழிஞ்ஞத்தில் நிறுவ வேண்டும். பல்கலைக்கழக வளாகத்தில் இன்னொரு மாடி எழுப்புவது போதாது. கடற்கரையிலேயே அது இருக்க வேண்டும்.

பாறைகளில் ஒட்டியிருக்கும் சிப்பியை மூச்சடக்கி மூழ்கிப் பெயர்த்தெடுப்பவர்கள் விழிஞ்ஞத்தில் தலைமுறைகளாக இருக்கிறார்கள். இடுப்பில் வலைப்பை, கையில் இரும்பு. ஒரு நாளில் எத்தனையோ முறை நீரின் அழுத்தம் செவிப்பறையை நெருக்குகிறது. மீன் கூடை சுமக்கும் பெண்கள், சந்தையில் கழிப்பறை இல்லை என்பதற்காகவே தண்ணீர் குடிக்காமல் இருந்துவிடுகிறார்கள். சிறுநீர்த்தொற்றுக்கு அதுவே வழிவிடுகிறது. ஆஸ்பத்திரி சீட்டில் காதுவலி, நீர்க்கடுப்பு என்று மட்டும் எழுதினால், அவற்றுக்குப் பின்னால் இருக்கும் தொழில் கண்ணில் படாமலே போய்விடும்.

இப்போது அதே கரையில் துறைமுகமும் வந்துவிட்டது. 2024 ஜூலையில் முதல் பெரிய சரக்குக் கப்பல் வந்தது; 2025 மே 2 அன்று பிரதமர் துறைமுகத்தை நாட்டுக்கு அர்ப்பணித்தார். அதே மாதம் 25ஆம் தேதி, விழிஞ்ஞத்திலிருந்து கொச்சிக்குப் புறப்பட்ட எம்.எஸ்.சி. எல்சா 3 கப்பல் 640 பெட்டகங்களோடு மூழ்கியது. சில பெட்டகங்களில் கால்சியம் கார்பைடு இருந்தது. பிளாஸ்டிக் குருணைகள் திருவனந்தபுரம் கடற்கரை வரை ஒதுங்கின. அந்தக் கரையில் வாழ்கிறவர்களின் நுரையீரலும் தோலும் அதற்கு முன் எப்படி இருந்தன என்று தெரிந்தால்தானே, பின்பு வந்த மாற்றத்தைச் சொல்ல முடியும்?

மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்துக்கு விழிஞ்ஞத்தில் ஒரு மையம் உண்டு. கரைசேரும் மீனை இனவாரியாகக் கணக்கெடுப்பது அந்த நிறுவனத்தின் நெடுநாள் வேலை. அதே விடாப்பிடியோடு மீனவரின் உடம்புக்கும் வீடுவீடாக ஒரு பேரேடு எழுதப்பட வேண்டும்: செவித்திறன், ரத்த அழுத்தம், பிள்ளைகளின் தொண்டைப்புண், பிரசவம், கடலில் நேர்ந்த மரணம். இருபது ஆண்டுகள் விடாமல் எழுதினால்தான் அதற்கு மதிப்பு.

சமுதாய நல மையத்துக்குக் கூடுதல் கட்டிடம் கொடுத்தால் போதாதா என்று கேட்கலாம். அந்தக் கட்டிடமும் வேண்டும்தான். ஆனால், அன்றாட நோயாளிகளைப் பார்த்துத் தீராத மருத்துவர் பேரேடு எழுத முடியாது. துறைமுக நிறுவனம் எழுதினாலோ யாரும் நம்பமாட்டார்கள். 2022இல் துறைமுகத்துக்கு எதிராக நூறு நாட்களைத் தாண்டி நடந்த போராட்டத்தில், கடலரிப்பை ஆராயும் குழுவில் தங்கள் தரப்பு நிபுணரும் இருக்க வேண்டும் என்று மீனவர்கள் கேட்டதை மறக்கக் கூடாது. தரவு பொதுப் பல்கலைக்கழகத்தின் கையில் இருக்கட்டும். அதை மேற்பார்வையிடும் குழுவில் கடற்கரைப் பெண்களுக்கும் இடம் இருக்கட்டும். கண்டறிந்தது ஆண்டுதோறும் மலையாளத்திலும், குமரிக் கரையிலிருந்து வரும் தொழிலாளருக்காகத் தமிழிலும் வெளியாகட்டும்.

படகுகள் திரும்பும் நேரத்தைப் பார்த்தே மையத்தின் வேலை நேரம் அமைய வேண்டும். துறைமுகத்தின் அடுத்த கட்ட விரிவாக்கத்துக்கு 2028 இலக்கு. பேரேட்டின் முதல் பக்கம் அதற்கு முன்பே எழுதப்பட்டாக வேண்டும்.