மண் பிடித்து வைத்த நஞ்சு

லுக்குட் வட்டாரத்தில் ரப்பர் மரம் போய்ச் செம்பனை வந்தது; பல இடங்களில் அதுவும் போய் வீடுகள் எழுகின்றன. நிலம் கைமாறுகிறது. நம் மக்கள் பல்லாண்டு அடித்த மருந்து எங்கே போயிற்று?

"மண்ணில் விழுந்தால் மருந்து செத்துவிடும்" என்பது பழைய சமாதானம். முழுப் பொய்யன்று, முழு உண்மையுமன்று. 1962-இல் விற்பனைக்கு வந்த பாராகுவாட்டைக் களிமண் இறுகப் பற்றிக்கொள்ளும். (அதை விழுங்கியவருக்கு மருத்துவர்கள் ஒருவகைக் களிமண்ணையே கரைத்துக் கொடுத்தது இதனால்தான்.) கொசுவுக்கு அடித்த டி.டி.டி. போன்றவை தண்ணீரில் கரைவது அரிது. உதிர்ந்த இலை மக்கிய கருமண்ணில் அவை ஒட்டி, நாளாக நாளாக உள்ளே புகுந்துகொள்கின்றன. அங்கே நுண்ணுயிர்கள் அவற்றை எளிதில் எட்ட முடிவதில்லை. இதனால் கிணற்று நீருக்கு ஓரளவு காப்புண்டு, ஒப்புக்கொள்கிறோம். ஆனால், ஒட்டியது அழிந்ததாகாது. மழை மேல்மண்ணை அரித்தால் நஞ்சும் ஆற்றுக்குப் போகும். சேற்றுப் புழுவிலிருந்து மீனுக்கும், மீனிலிருந்து நமக்கும் ஏறும்.

மண்ணின் இந்தப் பிடிப்பு, மருந்தடித்த பெண்களின் தோலுக்கு ஒரு காப்பும் தரவில்லை. பாராகுவாட்டுக்கு எதிராக 2002-இல் எடுத்த முடிவு 2006-இல் தளர்த்தப்பட்டது. முழுத்தடை 2020 ஜனவரி 1-இல்தான் வந்தது.

நிலத்தை விற்குமுன், மருந்து ஸ்டோர் இருந்த இடத்தையும் பம்பு கழுவிய கால்வாயையும் நிர்வாகங்கள் சோதிக்க வேண்டும். முடிவைத் தமிழிலும் மலாயிலும் அறிவிக்க வேண்டும். அதுவரை அவ்விடங்களில் கீரைப் பாத்தி போடவேண்டாமென நம் குடும்பங்களைக் கேட்டுக்கொள்கிறோம்.