எந்த ஊரில் தொழில் பழகுவது?

தொழில் பழக விரும்பும் இளைஞனைக் கண்டதும், “கொழும்புக்குப் போ, ஊரில் இருந்தால் உருப்படமாட்டாய்” என்று உபதேசிப்பது நம்மவர் வழக்கம். ஆசிரியர்களும் இதற்கு விலக்கல்லர். தொழிற்றிறன் ஏதோ ஊரின் மண்ணிலே விளைவது போலவன்றோ இவர்கள் பேசுகின்றனர்!

இரத்மலானையில் ரயில்வே வேலைத்தளம் உண்டு. மொறட்டுவையில் ஜேர்மன் தொழில்நுட்பப் பயிற்சி நிறுவனம் உண்டு. கொழும்பில் துறைமுகம் உண்டு. பெரிய இயந்திரங்களைத் தொட்டறிய இவை வாய்ப்பளிப்பதை யாரும் மறுக்கவில்லை. ஆயின், இவை இயற்கை வழங்கிய வரங்களல்ல. அரசும் மூலதனமும் அங்கே கொண்டுபோய்க் குவித்தவை. காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1950இல் உற்பத்தியைத் தொடங்கியது. அது இயங்கிய காலத்தில், தொழில் பழக வடபகுதி இளைஞன் தலைநகருக்கே ஓடவேண்டியிருக்கவில்லை. 1990இல் போர் அதனை நிறுத்தியது. பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையும் போருக்கே இரையாயிற்று. தொழிற்சாலைகளை இழந்த ஊரைப் பார்த்து, “இங்கே தொழில் பழக முடியாது” என்று இகழ்வது என்ன நியாயம்?

தலைநகரில் பழகுவதற்குச் செலவும் உண்டு. பயிலுனனுக்குக் கிடைக்கும் சிறு கொடுப்பனவு அறை வாடகைக்கே போதாது. மேற்பார்வையாளரின் சிங்களம் விளங்காத வவுனியா இளைஞன், கேட்க வேண்டியதைக் கேளாமல் பார்த்துக்கொண்டு நிற்கிறான். வெளியூருக்கு அனுப்பப்படாத பெண்ணுக்கோ அந்த வாயிலும் அடைபடுகிறது. ஆகவே, “நல்ல ஊர்” என்பது வசதியுள்ளவனுக்கே நல்ல ஊர்.

இதனால் சிற்றூர்க் கராஜைப் போற்றிப் பாட நாம் வரவில்லை. அங்கே முழு வாகனத்தையும் கழற்றிப் பூட்டக் கற்கலாம் என்பது உண்மை. ஒப்பந்தமும் சான்றிதழுமின்றி, தேநீர் வாங்கிக் கொடுத்தே ஆண்டுகளைக் கழிக்கும் சிறுவர்களும் அங்கேதான் இருக்கின்றனர். பயிலுனர் பயிற்சிக்கென 1971ஆம் ஆண்டிலேயே 49ஆம் இலக்கச் சட்டம் வந்தது. 1990இல் 20ஆம் இலக்கச் சட்டம் அதற்கென ஓர் அதிகாரசபையை நிறுவியது. சட்டம் வந்தும் கராஜுக்குள் வெளிச்சம் வரவில்லை.

மனமிருந்தால் ஊரை மாற்றலாம். கிளிநொச்சி அறிவியல் நகரில் இலங்கை–ஜேர்மன் பயிற்சி நிறுவனம் 2016இல் திறக்கப்பட்டமை இதற்குச் சான்று. எனினும், பயிற்சிக்கூடத்தின் மதிலுக்கு வெளியே தொழிற்சாலைகள் எழாவிடின், அங்கே கற்றவனும் கொழும்புப் பஸ்ஸுக்கே காத்திருப்பான்.

ஆசிரியர்களே, மாணவர்களே! ஊர்களை நிறுத்துப் பார்க்கும் தராசை ஒதுக்கி வையுங்கள். பயிலுனனுக்கு வாழப் போதிய கொடுப்பனவு, தங்குவதற்கு விடுதி, தாய்மொழியிற் போதனை, தன் மாவட்டத்திலேயே தொழிற்சாலை: இவற்றைக் கேளுங்கள். இளைஞனை ஊரைவிட்டு அனுப்பும் புத்திமதியை எவரும் சொல்லலாம். தொழிலை ஊருக்குக் கொண்டுவரப் போராட்டம் வேண்டும்.