எந்தத் தெருவில் குடியிருக்கிறாய்?

காசிமேட்டு மீன்பிடித் தொழிலாளி ஒருவர் இருமிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போகிறார். "பீடி பிடிக்கிறாயா?" என்று கேட்கிறார் டாக்டர். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால், "எந்தத் தெருவில் குடியிருக்கிறாய்?" என்று யார் கேட்கிறார்கள்? நாம் கேட்கிறோம்.

இது புதுக் கேள்வியல்ல. 1845-ல் இங்கிலாந்துத் தொழிலாளர் நிலைமை பற்றி எழுதிய எங்கெல்ஸ், மான்செஸ்டரை ஒட்டிய பகுதியில் ஒரு டாக்டர் எடுத்த கணக்கை எடுத்துக் காட்டினார். அந்த டாக்டர் வீடுகளைத் தரம் பிரித்ததோடு நிற்கவில்லை. தெருக்களையும் மூன்று தரமாகப் பிரித்தார். முதல்தரத் தெருவைவிட மூன்றாந்தரத் தெருவில் சாவு விகிதம் 68 சதவீதம் அதிகம்! வீடு சுத்தமாயிருந்தால் மட்டும் போதாது, தெருவும் ஆளைக் கொல்லும் என்பது அன்றே தெரிந்துவிட்டது.

நம் தெருவுக்கு வருவோம். சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத் தாதுவும் கையாண்ட காலத்தில் வடசென்னை வீடுகளுக்குள் கரித்தூசி படிந்தது. ஜனங்கள் முறையிட்டார்கள். அந்தச் சரக்குகளை அங்கே கையாளக் கூடாதென்று 2011-ல் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. நல்ல தீர்ப்பு. ஆனால் கரி எங்கே போயிற்று? எண்ணூர்த் துறைமுகத்துக்குப் போயிற்று! ராயபுரத்துப் பிள்ளைக்குக் கிடைத்த நியாயம் எண்ணூர்ப் பிள்ளைக்கு இல்லையா? அங்கே ஏற்கெனவே அனல்மின் நிலையச் சாம்பல் கொசஸ்தலை ஆற்றில் படிந்து கிடக்கிறது. மீனும் இறாலும் போனால் வருமானம் போயிற்று. பாலுக்கும் மருந்துக்கும் காசு ஏது?

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி சுத்திகரிப்பு ஆலையின் எண்ணெய் பக்கிங்ஹாம் கால்வாய் வழியே எண்ணூர் முகத்துவாரம் வந்து சேர்ந்தது. படகும் வலையும் பாழாயின. அதே மாதம் 26-ந் தேதி நள்ளிரவில், கோரமண்டல் உரத் தொழிற்சாலைக்குக் கடலடியில் செல்லும் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. பெரியகுப்பம் ஜனங்கள் தூக்கத்திலிருந்து எழுந்து இருட்டில் ஓடினார்கள். பலர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். வயலில் உரம் தூவும் விவசாயத் தொழிலாளத் தோழரே, உமது கையிலுள்ள உரத்துக்கு வேண்டிய சரக்குதான் அது. உரம் வேண்டும், அதற்காகப் பெரியகுப்பத்துக் குழந்தை மூச்சுத் திணற வேண்டுமென்பதில்லை.

"அப்படியானால் தொழிற்சாலையே வேண்டாமா?" என்பார்கள் முதலாளிகள். ஆலைக்குள் உழைப்பவனும் நம்மவன், வெளியே இருமுகிறவனும் நம்மவன். இருவரையும் மோதவிடும் வித்தை நமக்குப் பழகிப்போனது.

காற்றை அளக்கும் கருவிகளைக் காசிமேட்டிலிருந்து எண்ணூர்வரை தெருமுனைகளில் வைத்து, அன்றன்றைய அளவைத் தமிழில் எழுதிப் போட வேண்டும். குழாய் கசிந்தால் உடனே சங்கு ஊத வேண்டும். ஷிப்டுக்கு ஆள் வர ஊதத் தெரிந்த சங்கு, ஆளைக் காப்பாற்ற ஊதக் கூடாதா? சர்க்கார் டாக்டர்கள் வீடுவீடாக வந்து பரிசோதித்து, எந்தத் தெருவில் எத்தனை பேருக்கு என்ன வியாதி என்று கணக்கை வெளியிட வேண்டும். அந்தக் கணக்கு வெளிவரும் முன் இந்த வட்டாரத்தில் இன்னொரு புகைபோக்கிக்கு அனுமதி தரக் கூடாது.