அனுப்பியவர்களுக்குத் திருப்பி அழைக்கவும் உரிமை வேண்டும்!

ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை ஓட்டுச் சாவடியில் உழைப்பாளி இந்நாட்டு மன்னன் என்று அழைக்கப்படுகிறான். மறுநாள் காலையில் அவன் பழையபடி கூலிக்காரன். அடுத்த ஐந்து வருஷமும், அவன் அனுப்பி வைத்த பிரதிநிதி எதைச் செய்தாலும், எதையுமே செய்யாமல் இருந்தாலும், ஏனென்று கேட்க அவனுக்கு வழியில்லை.

தர்மபுரி ஜில்லாவின் வயல்களில் எரிவாயுக் குழாய் பதிக்க அதிகாரிகள் அளவு நாடாவோடு இறங்கியபோது, ஒரு கேள்வி தானே எழுகிறது. நாம் ஓட்டுப் போட்டு அனுப்பியவர் இந்த நேரத்தில் நம் பக்கம் நின்றால் நல்லது. நிற்காவிட்டால்? அவரைத் திருப்பி அழைக்க முடியுமா?

முடியாது என்கிறது சட்டம். இந்தப் பதிலை உழைப்பாளி மக்கள் ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை என்பது நமது அபிப்பிராயம்.

வயலுக்குள் வந்த குழாய்

விஷயத்தை முதலிலிருந்து பார்ப்போம். கொச்சியிலிருந்து பெங்களூருக்கு எரிவாயு கொண்டுபோகும் கெயில் நிறுவனத்தின் குழாய், தமிழ்நாட்டில் கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், சேலம், தர்மபுரி, கிருஷ்ணகிரி ஆகிய ஏழு ஜில்லாக்களில் சுமார் 310 கிலோமீட்டர் தூரம் செல்வதாகத் திட்டம். விவசாயிகள் எதிர்த்தார்கள். வயல்களை விட்டு நெடுஞ்சாலை ஓரமாகக் கொண்டுபோகும்படி 2013-ல் ராஜ்ய சர்க்காரே சொல்ல வேண்டியதாயிற்று. நிறுவனம் கோர்ட்டுக்குப் போனது. 2013 நவம்பரில் சென்னை ஹைகோர்ட்டும், 2016 பிப்ரவரி 2-ம் தேதி சுப்ரீம் கோர்ட்டும் நிறுவனத்தின் பக்கமே தீர்ப்பளித்தன.

நாம் எரிவாயுவுக்கு எதிரியல்ல. மின்சாரத்துக்கும் எதிரியல்ல. கெயில் பொதுத்துறை நிறுவனம். பொதுத்துறை வளர வேண்டும் என்று கேட்பவர்கள் நாம். ஆலை ஓட எரிசக்தி வேண்டும், ஆலை ஓடினால்தான் தொழிலாளிக்கு வேலை. நாம் கேட்பது ஒன்றுதான்: நாட்டுக்கு வேண்டிய குழாய்க்கு ஏழை விவசாயியின் வயிற்றின் மேல்தான் வழியா? சாலையோரம் என்ன ஆயிற்று?

இந்தக் குழாய் 1962-ம் வருஷத்துச் சட்டத்தின் கீழ் வருகிறது. அந்தச் சட்டம் நிலத்தை வாங்குவதில்லை. நிலத்தை உபயோகிக்கும் உரிமையை மட்டும் எடுத்துக்கொள்கிறது. பட்டா விவசாயியின் பெயரிலேயே இருக்கும். ஆனால் அந்தப் பட்டையில் அவர் வீடு கட்டக்கூடாது, கிணறு வெட்டக்கூடாது, மரம் வைக்கக்கூடாது. மாவும் புளியும் நம்பிப் பிழைக்கும் ஜில்லாவில் மரம் வைக்க முடியாத நிலத்துக்கு என்ன பெயர்? இதற்குச் சட்டம் எழுதியிருக்கும் ஈடு, நிலத்தின் மார்க்கெட் மதிப்பில் 10 சதவீதம். ஆட்சேபம் சொல்ல 21 நாள் அவகாசம். ஆட்சேபத்தை விசாரிப்பவர் சர்க்கார் நியமித்த அதிகாரி; அவர் சொல்வதே முடிவு. கிராம சபையின் சம்மதம் வேண்டும் என்று ஒரு வரிகூட அதில் கிடையாது.

நிலமே இல்லாத விவசாயத் தொழிலாளியின் கதி என்ன? பயிருக்கும் மரத்துக்கும் கணக்கெடுக்கும்போது, அந்தப் பயிரில் களையெடுத்து, மாங்காய் பறித்து, புளி உலுக்கிக் கூலி வாங்கியவரின் பெயர் எந்தக் கணக்கிலும் வராது. காடு போனால் அவர் திருப்பூருக்கோ ஓசூருக்கோ பெங்களூருக்கோ பஸ் ஏற வேண்டும். ஆலைத் தொழிலாளித் தோழர்களே, உங்களில் பலர் அப்படிப் பஸ் ஏறி வந்தவர்கள்தானே? அடுத்த பஸ்ஸில் வருகிறவர் உங்களைவிடக் குறைந்த கூலிக்கு நிற்கத் தயாராக வருகிறார். ஆகவே இது பட்டாக்காரரின் பிரச்னை மட்டுமல்ல.

பயமும் வீண் பயமல்ல. 2014 ஜூன் 27-ம் தேதி ஆந்திராவின் நகரம் கிராமத்தில் இதே நிறுவனத்தின் எரிவாயுக் குழாய் வெடித்து இருபது பேருக்கும் மேல் உயிர் இழந்தார்கள். 2022 ஏப்ரலில் நமது ஜில்லாவிலேயே, குழாயை எதிர்த்து நின்ற ஒரு விவசாயி தன் உயிரை மாய்த்துக்கொண்டார். சாவு போராட்ட வழியல்ல. எந்தத் தோழரும் அந்த நினைப்புக்கு இடம் கொடுக்கக்கூடாது. ஆனால் தன் சொல்லைக் கேட்க யாருமில்லை என்ற முடிவுக்கு ஒரு மனிதன் வரும்படி விட்ட ஏற்பாட்டை ஜனநாயகம் என்று எப்படி அழைப்பது?

போட்டவன் ஒருவன், எடுப்பவன் ஒருவன்

ஊராட்சித் தலைவரை நேரடியாக ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பவர்கள் ஊர் மக்கள். அவரைப் பதவியிலிருந்து நீக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது? 1994-ம் வருஷத்துத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின் 205-ம் பிரிவு அதைக் கலெக்டரிடம் கொடுக்கிறது. கலெக்டர் தாமாகவே நடவடிக்கை தொடங்கலாம். அல்லது ஊராட்சி உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்குப் பேர் எழுதிக் கொடுக்கலாம். ஓட்டுப் போட்ட ஜனங்களுக்கு அதில் இடமில்லை. தலைவர் ஜனங்களுக்குப் பயப்பட வேண்டியதில்லை. கலெக்டருக்குப் பயப்பட்டால் போதும். குழாய்க்கு எதிராக மக்களோடு நிற்கும் தலைவருக்கு இது தலைமேல் தொங்கும் கத்தி. மக்களைக் கைவிடும் தலைவருக்கு இதுவே குடை.

இன்னொரு அக்கிரமத்தையும் சொல்ல வேண்டும். திருப்பி அழைக்க முதலில் ஆள் இருக்க வேண்டுமே! 2016 அக்டோபரில் ஸ்தல ஸ்தாபனங்களின் காலம் முடிந்தது. 2020 ஜனவரிவரை, மூன்று வருஷத்துக்கும் மேலாக, ஊராட்சிகளைத் தனி அதிகாரிகள் நடத்தினார்கள். சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து கரூர் ஜில்லாவின் புகளூருக்கு வரும் 800 கிலோவோல்ட் மின்பாதைக்காக 2018-ல் மேற்கு ஜில்லாக்களின் வயல்களில் கோபுரங்கள் முளைத்ததும் அந்தக் காலத்தில்தான். நில உடைமையாளரின் சம்மதத்தை ஒதுக்க, வெள்ளைக்காரன் 1885-ல் போட்ட தந்திச் சட்டத்தின் அதிகாரம் பயன்பட்டது. ஒரு பக்கம் 1885-ம் வருஷத்துச் சட்டம். மறுபக்கம் தலைவரே இல்லாத ஊராட்சி! பிறகு 2020-ல் பதவி ஏற்றவர்களின் காலம் 2025 ஜனவரியில் முடிந்தபோதும் தேர்தல் வரவில்லை. மறுபடியும் தனி அதிகாரிகளே வந்தார்கள். காலம் முடியும் முன்பே தேர்தலை முடிக்க வேண்டும் என்பது அரசியல் சட்டத்தின் கட்டளை. அதை மீறுகிறவர்களை யார் திருப்பி அழைப்பது?

பிற இடங்களின் அனுபவம்

திருப்பி அழைக்கும் உரிமை நமது கற்பனையல்ல. 1871-ல் பாரிஸ் தொழிலாளர்கள் தங்கள் கம்யூனில் எந்தப் பிரதிநிதியையும் எப்போதும் திரும்பப் பெறலாம் என்று வைத்தார்கள். 1917-ல் ருஷ்யாவில் சோவியத் ஆட்சியின் முதல் வாரங்களிலேயே இந்த உரிமைக்கு ஆணை பிறந்தது. நம் நாட்டுப் பார்லிமெண்டில் கேரளத்துத் தோழர் சி. கே. சந்திரப்பன் 1974-ல் இதற்காக ஒரு மசோதா கொண்டு வந்தார்; அது நிறைவேறவில்லை. மத்தியப் பிரதேசத்தில் நகர சபைத் தலைவர்களுக்கு இந்த விதி உண்டு. அங்கே ஓட்டுச் சீட்டில் இரண்டு சின்னங்கள்: ஆள் உட்கார்ந்த நாற்காலி, காலி நாற்காலி. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் விளங்கும். சத்தீஸ்கரில் 2008-ல் மூன்று நகரத் தலைவர்கள் இப்படி இறக்கப்பட்டார்கள். ஹரியானாவும் 2020-ல் கிராமத் தலைவர்களைத் திருப்பி அழைக்கச் சட்டம் செய்தது.

எரிசக்தித் திட்டத்துக்காகவே இந்த ஆயுதம் எடுக்கப்பட்ட இடம் ஜப்பான். அங்கே வாக்காளர்களில் மூன்றில் ஒரு பங்குப் பேர் கையெழுத்திட்டால், ஊர்த் தலைவரை நீக்குவதா என்று ஓட்டெடுப்பு நடக்க வேண்டும். குபோகாவா என்ற ஊரில் அணுமின் நிலையத்தைக் கொண்டுவர முயன்ற தலைவரை மக்கள் 1981 மார்ச்சில் ஓட்டுப் போட்டு இறக்கினார்கள். ஆனால் அடுத்த மாதமே நடந்த தேர்தலில் அவரே மறுபடியும் ஜெயித்து வந்துவிட்டார்! மக்கள் சோர்ந்து போகவில்லை. அணுமின் நிலையம் பற்றி ஊராரின் ஓட்டைக் கேட்க வேண்டும் என்று 1982-ல் ஊர்ச் சட்டமே செய்ய வைத்தார்கள். அங்கே நிலையம் வரவே இல்லை.

மாகி என்ற ஊரில், கையெழுத்து இயக்கத்தின் வேகத்தைக் கண்ட தலைவர் 1995 டிசம்பரில் தாமே ராஜினாமா செய்தார். 1996 ஆகஸ்ட் 4-ம் தேதி நடந்த ஓட்டெடுப்பில் 88 சதவீதம் பேர் ஓட்டுப் போட்டார்கள். அவர்களில் சுமார் 61 சதவீதம் பேர் அணுமின் நிலையம் வேண்டாம் என்றார்கள். 2003-ல் மின்சாரக் கம்பெனி திட்டத்தையே வாபஸ் வாங்கியது.

இதில் நமக்கு இரண்டு பாடங்கள் உண்டு. ஒன்று: ஆளை மாற்றினால் மட்டும் போதாது, பின்னால் ஸ்தாபனம் இல்லாவிட்டால் இறங்கியவர் அடுத்த மாதமே ஏறிவிடுவார். இரண்டு: முடிவெடுக்கும் உரிமையும் ஊராரிடம் வர வேண்டும். 1962-ம் வருஷத்துச் சட்டம் அப்படியே இருக்க, ஊராட்சித் தலைவரை மட்டும் மாற்றுவது, கதவைத் திறந்து போட்டுவிட்டுக் காவல்காரனை மாற்றுவது போலத்தான்.

எச்சரிக்கையும் தேவை

ஒரு ஆட்சேபம் சொல்லப்படுகிறது. திருப்பி அழைக்கும் உரிமை வந்தால், ஊர்ப் பெரிய மனிதர்கள் தாழ்த்தப்பட்ட தலைவரையும் பெண் தலைவரையும் அல்லவா முதலில் இறக்குவார்கள் என்கிறார்கள். இதை நாம் அலட்சியமாகத் தள்ளவில்லை. பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில் தாழ்த்தப்பட்டவர் தலைவராகக் கூடாது என்று 1996 முதல் 2006 வரை பத்து வருஷம் தேர்தலே நடக்கவிடாமல் தடுத்த நாடு இது. மேலவளவில் தாழ்த்தப்பட்ட தலைவரை 1997-ல் வெட்டிக் கொன்ற நாடு இது. நாற்காலி மறுக்கப்பட்ட, கொடியேற்ற விடாமல் தடுக்கப்பட்ட தலைவர்களும் நம் காலத்தவர்களே.

ஆகவே சட்டம் கண்ணை மூடிக்கொண்டு வரக்கூடாது. மத்தியப் பிரதேசத்தில் கவுன்சிலர்கள் கையெழுத்திட்டால்தான் ஓட்டெடுப்பு. அதனால் அது கோஷ்டிச் சண்டைக்குப் பயன்பட இடம் இருக்கிறது. இங்கே கையெழுத்திடும் உரிமை வாக்காளர்களுக்கே வேண்டும். காரணத்தை எழுத்தில் வைக்க வேண்டும். பதவியேற்ற முதல் இரண்டு வருஷம் யாரையும் அழைக்கக்கூடாது. ரகசிய ஓட்டு வேண்டும். தாழ்த்தப்பட்டவருக்கும், மலைஜாதியினருக்கும், பெண்களுக்கும் ஒதுக்கிய பதவி காலியானால், அதே பிரிவினருக்கே திரும்பக் கிடைக்க வேண்டும். தனித் தொகுதித் தலைவரை ஜாதி வெறியால் இறக்க முயன்றால், அவருக்கு முன்னால் போய் நிற்பது நமது கடமை.

இப்போது செய்ய வேண்டியது

நமது கோரிக்கைகள் நான்கு. ஸ்தல ஸ்தாபனத் தேர்தலைக் காலம் தவறாமல் நடத்த வேண்டும். ஊராட்சித் தலைவரை நீக்கும் அதிகாரத்தைக் கலெக்டரிடமிருந்து எடுத்து, தக்க பாதுகாப்போடு வாக்காளர்களிடம் கொடுக்க வேண்டும். குழாயோ, கோபுரமோ, எந்த எரிசக்தித் திட்டமோ, கிராம சபையின் சம்மதம் இல்லாமல் வயலில் இறங்கக்கூடாது. கூலி இழக்கும் விவசாயத் தொழிலாளிக்கும் நஷ்டஈடு உண்டு என்று சட்டத்தில் எழுத வேண்டும்.

சட்டம் வரும்வரை சும்மா இருக்க வேண்டுமா? வேண்டாம். குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜயந்தி ஆகிய நாட்களில் கிராம சபை கூடுகிறது. வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். தீர்மானத்தை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள்; பதிவேட்டில் ஏறிய பிறகு கையெழுத்திடுங்கள்; நகல் கேட்டு வாங்குங்கள். தலைவர் நம்மோடு நின்றால் அவருக்குத் துணை நில்லுங்கள். நிற்காவிட்டால் கேள்வியைச் சபையிலேயே கேளுங்கள். பெண்களும் சேரிவாசிகளும் கேட்கட்டும். பாலக்கோடு சர்க்கரை ஆலையின் தொழிலாளியும், பஞ்சாலைத் தொழிலாளியும் தங்கள் சங்கக் கூட்டத்தில் இதே தீர்மானத்தைப் போடட்டும்.

தர்மபுரி மக்களுக்குப் பொறுமையையும் உறுதியையும் யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. 1992 ஜூன் 20-ம் தேதி வாச்சாத்தியில் வனத்துறை, போலீஸ், ரெவின்யூ இலாகாக்களைச் சேர்ந்தவர்கள் நடத்திய கொடுமையை யார் நம்பினார்கள்? மலைவாசி மக்களும் அவர்களோடு நின்ற சங்கமும் விடவில்லை. 2011 செப்டம்பரில் குற்றம் சாட்டப்பட்ட 269 பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பு வந்தது; 2023-ல் ஹைகோர்ட்டும் அதை உறுதி செய்தது. அதிகாரத்தைக் கணக்குக் கேட்க 19 வருஷம் காத்திருக்க நேர்ந்தது.

நமது பிள்ளைகள் 19 வருஷம் காத்திருக்க வேண்டியதில்லை. ஐந்து வருஷமும் காத்திருக்க வேண்டியதில்லை. அனுப்பியவர்களுக்குத் திருப்பி அழைக்கவும் உரிமை வேண்டும். அந்த உரிமையை யாரும் தட்டில் வைத்துத் தரமாட்டார்கள். ஐக்கியப்பட்டு நின்று வாங்குவோம்!